குளம்படியும் குரலும்: காட்டில் மானையும் பறவையையும் தடயம் பார்த்து அறிவது எப்படி

நாம் மானைப் பார்ப்பதற்கு முன்பே மான் நம்மைப் பார்த்திருக்கும். கண்ணை மட்டும் நம்பிக் காட்டுக்குள் போகிறவர்கள் புள்ளிமான் மந்தை ஒன்றையும் மயில் நாலைந்தையும் எண்ணிவிட்டுத் திரும்புவது அதனால்தான். அதே பாதையில் தரையைப் பார்த்து, காதைத் திறந்து வைத்து நடப்பவருக்கு நேற்றிரவு கடமான் தண்ணீருக்கு வந்து போனதும், விடியலில் கேளையாடு (குரைக்கும் சிறு மான்) பாதையைக் கடந்ததும், சற்று முன் ஓடையோரம் வேட்டை விலங்கு ஒன்று நகர்ந்ததும் தெரிந்துவிடும். இங்கே சொல்லியிருப்பவை முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலை, களக்காடு முண்டந்துறை போன்ற தென்னிந்தியக் காடுகளை மனத்தில் வைத்தவை.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான விதி ஒன்று உண்டு. ஒரே ஒரு தடயத்தை வைத்து விலங்கின் பெயரைச் சொல்லிவிடக் கூடாது. குளம்படி, புழுக்கை, இடம், குரல் ஆகிய நான்கில் குறைந்தது இரண்டாவது ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் குறிப்பேட்டில் "மான் இனம், உறுதியில்லை" என்று எழுதுங்கள். தவறான பெயரைவிட அது பயனுள்ள பதிவு.

போகும் முன்

சரணாலயத்துக்குள்ளும் புலிகள் காப்பகத்துக்குள்ளும் அனுமதியில்லாமல் நடப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி குற்றம். வனத்துறை அனுமதிக்கும் நடைபாதையில், அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடு மட்டும் போங்கள். காட்டிலேயே வளர்ந்த பழங்குடி வழிகாட்டி கிடைத்தால் கேள்விகளைக் குறைத்து, அவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

கையில் வேண்டியவை அதிகமில்லை. 15 செ.மீ. அளவுகோல், பென்சில், சிறு குறிப்பேடு, 8×40 அல்லது 8×42 இருநோக்கி போதும். 10 மடங்குக்கு மேல் உருப்பெருக்கும் இருநோக்கியைக் கையில் பிடித்தால் படம் ஆடும். அடர்ந்த காட்டில் அதன் பார்வைப் பரப்பும் போதாது. பேனா வேண்டாம், ஈரத்தில் மை கலைந்துவிடும். உடை மங்கிய பச்சையாகவோ காக்கியாகவோ இருக்கட்டும். மான்களுக்குச் சிவப்பு நிறம் சரியாகப் பிரிந்து தெரியாது என்றாலும் வெள்ளை பளிச்சென்று தெரியும். உடையின் நிறத்தைவிட வாசனையும் அசைவும்தான் நம்மைக் காட்டிக் கொடுக்கும். நறுமணத் தைலம், வாசனைச் சோப்பு இரண்டையும் தவிர்த்துவிட்டு, காற்று முகத்தில் படும் திசையில் நடங்கள்.

காலை 6 முதல் 9 வரையும், மாலை 4க்கு மேலும் நல்ல நேரம். சூரியன் தாழ்ந்திருக்கும்போது வெயில் சாய்வாக விழுவதால் ஆழமில்லாத குளம்படிகூட நிழலோடு எழுந்து தெரியும். உச்சி வெயிலில் அதே தடம் கண்ணிலேயே படாது.

குளம்படியை அளப்பது

மான், இரலை (வெளிமான், நாற்கொம்பு மான் போன்றவை), காட்டுமாடு, பன்றி எல்லாமே இரட்டைக் குளம்பிகள். மூன்றாம், நான்காம் விரல்கள் பருத்துக் குளம்பாகியிருக்கின்றன. இரண்டாம், ஐந்தாம் விரல்கள் சிறுத்துப் பின்னால் மேலே தொங்குகின்றன. இந்தப் பின்குளம்புகள் சேற்றிலோ பாய்ச்சலிலோ மட்டும்தான் பதியும். ஒரே விதிவிலக்கு காட்டுப்பன்றி. அதை அப்புறம் பார்ப்போம்.

அளக்கும்போது பலரும் செய்யும் பிழை, தடத்தின் மேல் விளிம்பிலிருந்து மேல் விளிம்புவரை அளப்பது. ஈரமண்ணில் பக்கங்கள் சரிந்து விரிவதால் அப்படி அளந்தால் 1 செ.மீ. வரை கூடிவிடும், புள்ளிமான் கடமானாகிவிடும். தடத்தின் அடிமட்டத்தில், குளம்பு நுனியிலிருந்து குதிவரை நீளத்தையும், மிக அகன்ற இடத்தில் அகலத்தையும் எடுங்கள். பின்குளம்பின் பதிவைச் சேர்க்க வேண்டாம். ஒரே வரிசையில் ஐந்து தடங்களை அளந்து நடு மதிப்பை எழுதுங்கள். முன்னங்கால்தான் உடல் எடையில் அதிகம் தாங்குகிறது, அதனால் முன்னங்கால் குளம்பு பின்னங்கால் குளம்பைவிடச் சற்றுப் பெரியது. நிதானமாக நடக்கும் மானின் பின்கால், முன்கால் தடத்தின் மேலேயே விழும். இரட்டையாகத் தெரியும் அந்தத் தடத்தை அளக்காமல் விட்டுவிடுங்கள்.

இனி அளவுகள். இவை சுமாரானவை; வளர்ந்த விலங்குக்கு உரியவை.

சருகுமானின் தடம் 2 செ.மீ.க்கும் குறைவு, கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. மொத்த எடையே 3 கிலோ சுமாராக உள்ள விலங்கு அது, இரவில்தான் நடமாடும். உலர்ந்த சருகின் மேல் தடம் பதியாது. ஓடைக்கரை நுண்மணலில் மட்டும் தேடுங்கள். கேளையாட்டின் தடம் 2.5 முதல் 3.5 செ.மீ.; குறுகலாகவும் கூர்மையாகவும் இருக்கும். நாற்கொம்பு மானின் தடமும் ஏறக்குறைய அதே அளவுதான் என்பதால் இடத்தைப் பாருங்கள். ஈரப்பதமுள்ள அடர்காடும் புதரும் கேளையாட்டுக்கு, வறண்ட இலையுதிர்காட்டின் மேடுபள்ளம் நாற்கொம்பு மானுக்கு.

புள்ளிமான் 4 முதல் 5.5 செ.மீ.; இதய வடிவில், நுனி கூர்ந்து, இரு பாதிகளும் நெருங்கியிருக்கும். தனித்தடம் அரிது, மந்தையாகத்தான் மிதித்திருக்கும். கடமானின் தடம் 6.5 முதல் 9 செ.மீ. வரை. நெல்லை, குமரிப் பக்கம் மிளா என்று சொல்வதும் இதைத்தான். இது தனியாகவோ இரண்டு மூன்றாகவோ தண்ணீரை நோக்கி நடந்த தடமாக இருக்கும். வளர்ந்த புள்ளிமானையும் கடமான் குட்டியையும் தடத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம். குட்டியென்றால் பக்கத்திலேயே தாயின் பெரிய தடம் இருந்தாக வேண்டும்.

காட்டுமாட்டின் தடம் 11 செ.மீ.க்கு மேல், அகலமாக, நுனி மழுங்கி வட்டமாகத் தெரியும். (காட்டெருமை என்று பெயர்ப் பலகையிலேயே எழுதுகிறார்கள். அது எருமையே அல்ல. உண்மையான காட்டெருமை அசாம், சத்தீஸ்கர் பக்கம்தான் இருக்கிறது.) காட்டோரக் கிராமத்து மாடுகள் மேயும் இடத்தில் இந்த அளவுகோல் ஏமாற்றும். அங்கே 11 செ.மீ.க்குக் குறைவான எதையும் காட்டுமாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். சாணியும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

காட்டுப்பன்றியைக் கடமான் குட்டி என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. பன்றியின் பின்குளம்பு தாழ்ந்து அமைந்திருப்பதால் சாதாரண மண்ணிலும் பதியும். அதைவிட முக்கியம், அந்தப் புள்ளிகள் இரண்டும் குளம்பின் அகலத்துக்கு வெளியே தள்ளி விழும். மானுக்கோ அவை நேர் பின்னால் விழும். சந்தேகம் தீராவிட்டால் பத்தடி சுற்றிப் பாருங்கள். பன்றி போன வழியில் மண் உழுததுபோல் புரண்டு கிடக்கும்.

தடத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்வோரும் உண்டு. மிகப் பெரிய கடமான் கலையை (ஆண்மானை) தவிர மற்றதெல்லாம் ஊகம்.

எப்போது பதிந்தது

இதில்தான் உண்மையான பயிற்சி இருக்கிறது. புதிய தடத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருக்கும். அடியிலுள்ள மண் சுற்றுப்புறத்தைவிடக் கருத்து ஈரமாக இருக்கும். காற்று வீசும் வெயில் நாளில் சில மணி நேரத்தில் விளிம்பு உதிரத் தொடங்கும், ஆனால் நிழலான ஈரக் களிமண்ணில் அதே தடம் பல நாள் புதிது போலவே இருக்கும். அதனால் மண்ணின் தோற்றத்தை மட்டும் நம்பாமல் தடத்தின் மேல் நடந்தவற்றைப் பாருங்கள். தடத்துக்குள் பனித்துளி கலையாமல் இருந்தால் விடியலுக்கு முந்தையது. சுற்றிலும் பனி இருந்து தடத்தில் மட்டும் இல்லையென்றால் விடிந்த பிறகு பதிந்தது. மழைத்துளியின் குழி தடத்துக்குள் இருந்தால் மழைக்கு முன்பு. எறும்போ வண்டோ தடத்தைக் குறுக்கே கடந்து கோடு போட்டிருந்தால் ஓர் இரவாவது கழிந்திருக்க வாய்ப்பு அதிகம். குட்டையோரத் தடத்தில் ஊறிய நீர் இன்னும் கலங்கியிருந்தால் நின்றுவிடுங்கள். விலங்கு பக்கத்தில்தான் இருக்கிறது.

ஒப்பிட ஓர் எளிய வழி உண்டு. தடத்துக்குப் பக்கத்தில் உங்கள் கட்டைவிரலை அழுத்துங்கள். அந்தப் பதிவும் தடமும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதே வயதுக் கணக்கின் தொடக்கம்.

புழுக்கை, சாணி, லத்தி, எச்சம்

தமிழில் இந்த நான்குக்கும் தனித்தனிச் சொல் இருப்பது களத்தில் வசதி. ஆடு, மான், முயலுக்குப் புழுக்கை, மாட்டினத்துக்குச் சாணி, யானைக்கு லத்தி, பறவைக்கு எச்சம். குறிப்பேட்டிலும் அப்படியே எழுதுங்கள்.

புள்ளிமான் புழுக்கை 1 முதல் 1.5 செ.மீ., கடமானுடையது அதைவிடத் தெளிவாகப் பெரியது. மழைக்குப் பின் இளம்புல் மேயும் காலத்தில் இரண்டும் இளகி, ஒட்டிக் கட்டியாக விழும்; அப்போது அளவு பயன்படாது. கேளையாட்டுப் புழுக்கை என்று பலர் காட்டுவது முயலுடையதாக இருக்கும். முயலின் புழுக்கை உருண்டையாகச் சற்றுத் தட்டையாக, குச்சியால் உடைத்தால் வைக்கோல் தூள்போல நார் தெரியும். மானுடையது நீள்வட்டமாக, ஒரு முனை கூர்ந்து, உள்ளே நெருக்கமாக அரைபட்டிருக்கும்.

ஒரே இடத்தில் பழையதும் புதியதுமாகப் புழுக்கை குவிந்து கிடந்தால் மந்தை படுத்த இடம் என்று முடிவு செய்ய வேண்டாம். நாற்கொம்பு மான் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் கழிக்கும் பழக்கமுள்ளது. திறந்த புல்வெளியில், அதாவது கோடியக்கரை, வல்லநாடு, மாயாற்றுப் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில், வெளிமான் ஆணும் எல்லை காட்ட அப்படிச் செய்யும். வெறுங்கையால் எதையும் தொடாதீர்கள்.

கொம்பைப் பார்த்து எழுதும்போது

கொம்பு என்ற ஒரே சொல் நம்மைக் குழப்பும். புள்ளிமான், கடமான், கேளையாடு ஆகியவற்றின் கொம்பு கிளைவிடும். கலைக்கு மட்டும் வரும். உதிர்ந்து மீண்டும் முளைக்கும். வெளிமான், நாற்கொம்பு மான், வரையாடு, காட்டுமாடு ஆகியவற்றின் கொம்பு கிளைவிடாது, உதிராது. வரையாட்டிலும் காட்டுமாட்டிலும் பெண்ணுக்கும் உண்டு. கொம்பில்லாத கடமானைப் பிணை (பெண்மான்) என்று உடனே எழுதிவிடக் கூடாது. கொம்பு உதிர்த்த கலையாக இருக்கலாம். பருத்த கழுத்தையும் பிடரி மயிரையும் பாருங்கள். புள்ளிமானில் கொம்பு உதிரும் காலம் எல்லாக் கலைக்கும் ஒன்றல்ல. ஒரே மந்தையில் மென்மயிர்த் தோல் போர்த்திய கொம்பும் காய்ந்த கொம்பும் சேர்ந்து நிற்கும்.

எண்ணிக்கையை "கலை 2, பிணை 7, மறி 3" என்று பிரித்து எழுதுங்கள்; மறி என்பது குட்டி. "மான் 12" என்பதால் பின்னால் யாருக்கும் பயன் இல்லை. கடமானின் கழுத்தடியில் முடியில்லாமல் செந்நிறப் புண்போல் ஒரு வட்டம் தெரிந்தால் பதறி வனத்துறைக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண், பெண் இரண்டிலும் பருவத்தில் தோன்றி மறையும் ஒன்று அது.

எச்சரிக்கைக் குரல்

எல்லாக் குரலுக்கும் ஒரே மதிப்பு இல்லை. அதிகம் நம்பத்தக்கது கடமான். கனத்த, உலோகம் அதிர்ந்தது போன்ற "பாங்க்" ஒலியை இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் எழுப்பினால், கூடவே முன்காலைத் தரையில் தட்டினால், அது புலியையோ சிறுத்தையையோ கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு தடவை கத்திவிட்டு ஓடினால் அது உங்களைப் பார்த்துக் கத்தியதுதான்.

புள்ளிமான் கூரிய கீச்சொலியில் கத்தும். கொஞ்சம் பயந்த பிறவி, நாய்க்கும் கத்தும் நிழலுக்கும் கத்தும். ஒரு மான் கத்துவதைவிட, மந்தை முழுவதும் ஒரே திசையில் காதைத் திருப்பி நிற்பதுதான் செய்தி. இனப்பெருக்கக் காலத்தில் கலை எழுப்பும் முரட்டுக் கனைப்பை எச்சரிக்கை என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் உண்டு. அது நீண்டிருக்கும், மற்ற மான்கள் அதைக் கேட்டும் கேளாததுபோல் மேயும். கேளையாடு நாய்போலக் குரைக்கும். ஒரு மணி நேரம்கூடக் குரைக்கும். காரணம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை, அதனால் அதைத் துணைச் சாட்சியாக மட்டும் வையுங்கள்.

சாம்பல் மந்திக்கு உயரத்திலிருந்து பார்க்கும் வசதி இருப்பதால் நல்ல காவல். ஆனால் ஆண்மந்தி காலையில் கிளைவிட்டுக் கிளை தாவி எழுப்பும் "ஊப்... ஊப்" எச்சரிக்கை அல்ல, தொண்டை கிழிய இருமியதுபோன்ற "கக்" ஒலிதான் எச்சரிக்கை. மந்தி மேயும் மரத்தடியில் புள்ளிமான்கள் கூடுவது வழக்கம். மேலிருந்து விழும் தழையும் காயும் அவற்றுக்குத் தீனி, மேலே இருக்கும் கண்கள் பாதுகாப்பு.

பறவைகளில் மயில் அகவுவதையும் மயில் பதறுவதையும் பிரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நீட்டி ஒலிக்கும் அகவல் இனப்பெருக்கத்துக்கானது, இடிமுழக்கத்துக்கும் வண்டிச் சத்தத்துக்கும்கூட எழும். அடுத்தடுத்து வெட்டி வெட்டி வரும் "கொக் கொக்" தான் பதற்றம். காட்டுக்கோழியும் அப்படியே. சேவல் கூவினால் எல்லை சொல்கிறது; பேடு கொக்கரித்துப் பறந்தால் காலடியில் ஏதோ வந்துவிட்டது. ஆள்காட்டிக்குப் பெயரே சாட்சி, ஆனால் திறந்த வெளியில் அது எல்லாரையும் காட்டிக் கொடுக்கும், முதலில் உங்களை.

துடுப்புவால் கரிச்சானிடம் எச்சரிக்கையாக இருங்கள். மற்றப் பறவைகளின் குரலையும் வல்லூறின் குரலையும் அப்படியே திருப்பிச் சொல்லும் கெட்டிக்காரன். ஒரே மரத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் நான்கு விதப் பறவைக் குரல் வந்தால் நான்கு பெயரை எழுத வேண்டாம், கரிச்சான் என்று ஒன்றை எழுதுங்கள்.

குரலைத் தொடர்வதற்கு ஒரு முறை இருக்கிறது. முதல் குரல் கேட்டதும் நின்று, நேரத்தையும் திசையையும் குறியுங்கள். பத்து நிமிடம் அசையாதீர்கள். அடுத்த குரல் வேறிடத்திலிருந்து, வேறு விலங்கிடமிருந்து வந்தால் இரண்டையும் இணைத்து ஒரு கோடு போடுங்கள். வேட்டை விலங்கு நகரும் வழி ஏறக்குறைய அதுதான். குரல் ஒரே இடத்தில் நிலைத்து, தவிட்டுக்குருவிகள் கூட்டமாகப் புதருக்கு மேல் கூச்சலிட்டால் பெரும்பாலும் பாம்போ ஆந்தையோ இருக்கும். குரல்கள் சட்டென்று நின்றுவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று பொருளில்லை. விலங்கு படுத்திருக்கலாம், பார்த்தவற்றின் கண்ணிலிருந்து மறைந்திருக்கலாம்.

பறவைத் தடயம்

காட்டுக்கோழி சருகைச் சீய்த்து வட்டமாக மண்ணை வெளியே காட்டும், ஆழம் இருக்காது. பன்றி உழுததுக்கு ஆழம் இருக்கும். முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று: 5, 6 செ.மீ. என்றால் காட்டுக்கோழி, அதைப்போல இருமடங்கு என்றால் மயில். தெற்கே இருப்பது சாம்பல் காட்டுக்கோழி, வடக்கிலும் கிழக்கிலும் சிவப்பு. சாம்பல் சேவலின் கூவல் வெட்டிவெட்டி வந்து சட்டென முடியும். ஊர்ச்சேவல்போல் கடைசியில் இழுக்காது. இனப்பெருக்கம் முடிந்ததும் சேவல் கழுத்தின் புள்ளியிறகுகளை உதிர்த்துவிடும் என்பதால் மழைக்காலத்தில் மங்கலான சேவலைக் கண்டு வேறு இனமோ என்று தேட வேண்டாம்.

புல்வெளியில் உண்ணிக்கொக்குகள் வரிசையாக நகர்ந்தால் அவற்றின் முன்னால் புல்லுக்குள் காட்டுமாடோ யானையோ இருக்கும். கண்ணுக்குத் தெரியாத மாட்டைக் கொக்கை வைத்துத்தான் தூரத்திலேயே அறிந்து ஒதுங்க முடியும்.

மலைக்காட்டில் நீராவி இயந்திரம் மூச்சுவிட்டதுபோல் இறக்கைச் சத்தம் கேட்டால் மலை இருவாச்சி. ஒரு மரத்தடியில் பலவகைக் கொட்டைகளும் எச்சமும் குவிந்து, மேலே குறுகிய பிளவுள்ள பொந்து தெரிந்தால் அது கூடு. உள்ளே பேடு அடைபட்டிருக்கிறது, ஆண் கொண்டுவரும் உணவுதான் அதற்கு வழி. நீங்கள் கீழே நிற்கும்வரை ஆண் வராது, ஆகவே உடனே நகர்ந்துவிடுங்கள்.

மாயாற்றுப் பகுதியில் பாறுக் கழுகுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) வட்டமிட்டு இறங்கினால் அங்கே இரை கிடக்கிறது. இறங்காமல் மரங்களில் காத்திருந்தால் இரையின் உரிமையாளர் இன்னும் பக்கத்தில்தான் என்று கொள்ளுங்கள். இரண்டிலும் நடந்து போய்ப் பார்க்கக் கூடாது.

தவறினால் ஆபத்தாகும் இடங்கள்

தனித்த காட்டுமாட்டுக் காளை உடலைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினாலோ, தலையை ஆட்டிச் சீறினாலோ உங்களை விலகச் சொல்கிறது என்று பொருள். முதுகு காட்டி ஓடாமல் பின்னோக்கி நகர்ந்து மரத்தின் மறைவுக்குப் போங்கள். அது மேயும்போதும் 50 மீட்டருக்குக் குறைவாக நெருங்க வேண்டாம். ஆவி பறக்கும் லத்தி தென்பட்டால் அன்றைய நடை அவ்வளவுதான், வந்த வழியே திரும்புங்கள். வறண்ட மாதங்களில் உண்ணி அதிகம். காலுறைக்குள் கால்சட்டையைச் செருகி, திரும்பியதும் உடலைச் சோதியுங்கள். 1957இல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டுக் காய்ச்சலைப் பரப்புவது உண்ணிதான்.

கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். எல்லை காக்கும் ஆண் கூட்டை விட்டு ஓடிவரும், அந்த நேரத்தில் குஞ்சு பட்டினி. உதிர்ந்த மான் கொம்பு கீழே கிடந்தால் படம் மட்டும் எடுங்கள். வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். முள்ளம்பன்றி சுண்ணாம்புச் சத்துக்காக அதைக் கடித்துத் தின்னும், பல்தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தடத்தைப் படமெடுக்கும்போது அளவுகோலைத் தடத்துக்கு இணையாக, அதே மட்டத்தில் வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். சாய்த்து எடுத்த படத்தில் அளவு பொய்யாகும். பிறகு குறிப்பேட்டில் இந்த வடிவில் எழுதலாம்:

காலை 6.40. ஓடை மணல், நிழல். தடம் 7.5 × 5.5 செ.மீ., ஐந்தின் நடு மதிப்பு, பின்குளம்பு பதியவில்லை, தண்ணீரை நோக்கி, பக்கத்தில் சிறிய தடம் 4.5. தடத்துக்குள் பனி இல்லை, சுற்றிலும் பனி. புழுக்கை இளகியது, அளவு கணக்கில் இல்லை. 6.55க்கு வடகிழக்கில் கடமான் குரல் ஆறு முறை, 7.05க்கு அதற்குக் கிழக்கே மந்தி இருமல். முடிவு: கடமான் பிணையும் மறியும், விடிந்த பின்பு. வேட்டை விலங்கு கிழக்கே நகர்ந்திருக்கலாம், பார்க்கவில்லை.